பதினேழாம் நம்பர் மெம்பர்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வீட்டில் இருக்கிற ஆறு பேரும் சொல்லிவிடுவார்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று உலகமே சந்தேகப்படும். பால் கெட்டியாக இருந்தால் சந்தேகப்படுகிறவன் நான் ஒருவன்தான். (அத்தனை கெட்டியாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? மாவு கரைத்தானா?) என் அப்பா பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். அவர் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். ஆகவே குடும்பத்தில் யாராவது ஒருவர் சந்தேகப்பட்டே தீர வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பைச் சின்ன வயதிலேயே நான் எடுத்துக்கொண்டேன்.

அது எனக்கு வாங்கிக் கொடுத்த மானக்கேடுகளைச் சொல்லி மாளாது. அவற்றுக்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல ஒன்று உண்டு. சட்டசபை மெம்பர் ஒருவரை ஒரு வாரம் முழுக்க ஊரார் கைதி என்று நினைக்கும்படி செய்து, கடைசியில் போலீஸ்காரரையும் கூட்டிக்கொண்டு போய் அவரைப் பிடிக்க வைத்தேன். அதுவும் அவரிடம் உத்தியோகம் கேட்டுப் போன இடத்தில்.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பதுளைக்கு இன்னும் ரயில் வரவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்துவிட்டு, அப்பாவின் கடையில் துணி மடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் பழைய தலைமை ஆசிரியர் சொல்லி அனுப்பினார். கொழும்பிலிருந்து ஒரு மெம்பர் தோட்டத்துப் பக்கம் வருகிறாராம், இங்கிலீஷும் தோட்டத்துத் தமிழும் தெரிந்த ஓர் ஆள் ஒரு வாரத்துக்கு வேண்டுமாம், எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அவருக்கே காரியதரிசியாகக் கொழும்பில் நிரந்தர வேலையாம். நான் துணியை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

மெம்பர் நல்ல மனிதர். (அதனாலேயே முதலில் எனக்கு அவர்மேல் சந்தேகம்.) ஐம்பது வயது, உருண்டை உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அப்புத்தளைக்கும் பூனாகலைக்கும் நடுவே இருந்த ஊசிப்பாறைத் தோட்டத்தில் திங்கள் முதல் சனி வரை தங்குவது அவர் திட்டம். காலையில் தன் கையாலேயே லயத்துக் கான் வெட்டுவார். (லயம் என்றால் தொழிலாளிகளின் வரிசை வீடு, கான் என்றால் சாக்கடை. தோட்டத்தில் சாக்கடை என்று சொன்னால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.) சாயங்காலம் நாலு மணிக்குச் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து ஜனங்களின் குறைகளைக் கேட்பார். எல்லாவற்றையும்விட முக்கியம், சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் தோட்டங்களில் கேட்பாரற்றுக் கிடக்கிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அப்படி யாராவது இருந்தால் தேடிப் பிடித்து, கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று துடித்தார்.

"மேடையில நின்று பேசினால் அவங்க வாய் திறக்க மாட்டாங்க, சோமு. பக்கத்துல நின்று மண்வெட்டி பிடிச்சால் திறப்பாங்க" என்றார். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை இந்தத் திட்டத்தைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, தாராளமாக வெட்டட்டும் என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

ஏற்பாடெல்லாம் என் தலையில் விழுந்தது. கோட்டும் சூட்டுமாகக் கானில் இறங்க முடியாதே. கடைவீதியில் எங்கள் கடைக்கு எதிரே இருந்த மரைக்காரிடம், எங்கள் கடையில் இல்லாத முரட்டு வெள்ளைத் துணி வாங்கி, கையில்லாத சட்டையும் முழங்கால் வரைக்கும் சிலுவாரும் இரண்டு ஜோடி தைத்து வாங்கினேன். அதே துணியில் ஒரு தொப்பியும் போட்டுக் கொடுத்தார். அந்தத் துணியை வேறு யார் யார் வாங்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவன் அன்றைக்குப் பார்த்துக் கேட்கவில்லை.

அதோடு விட்டேனா? தோட்டத்து டோபி துணியை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு சந்தேகம். டோபி போடுகிற சின்னப் புள்ளி அடையாளத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே அழியாத மையால் சட்டையின் நெஞ்சிலும் முதுகிலும் சாண் அகலத்துக்கு நம்பர் போட்டேன். ஒன்று, இரண்டு என்று போட்டால் யாரும் தன்னுடையது என்று சொல்லிவிடலாம். பதினேழு என்று போட்டால், மற்ற பதினாறும் எங்கே என்று மடக்கலாம் அல்லவா? அதனால் பதினேழு. மெம்பர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, நல்ல யோசனை என்று என் முதுகில் தட்டினார்.

எனக்கும் ஒரு மிடுக்கு வேண்டாமா? காட்டு இலாகாவில் இருந்த என் தாய்மாமாவிடம் பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டும் இடுப்பு வாரும் இரவல் வாங்கினேன். நாய்க்கும் அட்டைக்கும் ஒரு தடி. அவசரத்துக்கு ஒரு விசில். குறிப்பெழுத ஒரு நோட்டுப் புத்தகம். போதாததற்கு மெம்பரின் மனைவியிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு கடிதம் வேறு வந்திருந்தது. ஐயாவுக்கு நீரிழிவு, இனிப்பைக் கண்டால் குழந்தை, ஒரு நிமிஷம்கூடக் கண்ணை விட்டு அகல விடாதே, யார் இனிப்புக் கொடுத்தாலும் பிடுங்கி எறி என்று எழுதியிருந்தார். இப்படி ஒரு வேலைக்காகவே நான் பிறந்தவன் என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் தொழிலாளிகள் எல்லோரும் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தி அறிவித்தார். "இவரு ஒரு வாரம் கான் வெட்டுவாரு. கூலி கெடையாது. யாரும் கிட்ட போயி ஒத்தாசை பண்ணக் கூடாது." அவ்வளவுதான். ஒத்தாசை வேண்டாம் என்றது மெம்பரே கேட்டுக்கொண்டது, கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து. மெம்பர் என்ற சொல்லைக் கணக்கப்பிள்ளை சொல்ல மறந்துவிட்டார். அல்லது அதெல்லாம் இவர்களுக்கு எதற்கு என்று நினைத்துவிட்டார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைவீதியில் கண்ணால் பார்த்தே வளர்ந்தும் எனக்கு அது வெள்ளிக்கிழமை வரை உறைக்கவில்லை. பதுளை டவுனில் ரோட்டோரக் கான் வெட்டுகிறவர்கள் மறியல் வீட்டுக் கைதிகள். (மறியல் வீடு என்றால் ஜெயில்.) முரட்டு வெள்ளைச் சட்டை, அரைச் சிலுவார், தொப்பி, நெஞ்சில் நம்பர், கூலி கிடையாது, பின்னாலேயே காக்கிக் கோட்டும் தடியுமாக ஒரு காவல்காரன். தோட்டத்து ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்கு வரும்போதெல்லாம் பார்க்கிற காட்சி. நான் மெம்பரை எந்தக் கோலத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன் என்று இனி விளக்க வேண்டியதில்லை.

முதல் நாளே எனக்கு ஒரு நெருடல் இருக்கத்தான் செய்தது. பெரிய மனிதர் யார் வந்தாலும் தோட்டத்தில் எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிடுவார்கள். மெம்பருக்கு ஒருவரும் ஓர் எலுமிச்சம்பழம்கூடக் கொடுக்கவில்லை. நாலு மணிக்குச் சவுக்கு மரத்தடியில் போய் உட்கார்ந்தோம். ஈ காக்கை இல்லை. பெண்கள் கூடையோடு தூரத்தில் நின்று பார்த்தார்கள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினார்கள், போய்விட்டார்கள். செவ்வாயும் அப்படியே. துரைதான் இவர்களை மிரட்டி வைத்திருக்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். மெம்பரைச் சுற்றி ஒரு சதி நடக்கிறது என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அன்றிலிருந்து காவலை இறுக்கினேன். மெம்பர் குனிந்தால் நான் நிமிர்ந்து நாலு பக்கமும் பார்ப்பேன். அவர் ஒதுங்கப் போனால் தேயிலைப் புதருக்கு இந்தப் பக்கம் தடியை ஊன்றிக்கொண்டு நிற்பேன். மத்தியானம் ஒரு பெண் தேத்தண்ணீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து பயந்து பயந்து நீட்டினாள். மெம்பர் ஆசையோடு கையை நீட்டினார். நான் கருப்பட்டியைப் பிடுங்கிக் கானுக்குள் எறிந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பால் குடம் திரிந்திருக்கும். அவள் பெயர் காளியம்மா என்பது பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை ஓர் ஆள் வந்தான். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. நொண்டிக்கொண்டே மரத்தடி வரைக்கும் வந்தவன், மெம்பரின் நெஞ்சு நம்பரைப் பார்த்தான், மடியிலிருந்த எதையோ தொட்டுப் பார்த்தான், பேசாமல் திரும்பிப் போய்விட்டான். கணக்கப்பிள்ளையை விசாரித்தேன். பெயர் வீரையா, காளியம்மாவின் புருஷன். சண்டையில் பஸ்ராவுக்குப் போய் ரோடு போட்ட கூலிப் பட்டாளத்து ஆள். காலுக்குள் ஒரு குண்டுச் சில்லு தங்கிவிட்டது. புண் ஆறுவதில்லை. கொழும்பில் கீறி எடுக்காவிட்டால் தீபாவளிக்குள் காலையே வெட்ட வேண்டிவரும் என்று மருந்துக்காரர் சொல்லிவிட்டாராம். ஆனால் கொழும்பில் சும்மா சேர்க்க மாட்டார்கள், பெரிய மனிதர் யாராவது கடிதம் கொடுக்க வேண்டும்.

மெம்பர் தேடி வந்த ஆளே இவன்தான். வேறு எவனாக இருந்தாலும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? குறை இருக்கிறவன் ஏன் குறையைச் சொல்லாமல் போனான் என்று சந்தேகப்பட்டு, அவன் பின்னாலேயே போனேன். மலைப்பாதையில் எனக்கு முன்னால் அவன் நொண்டி நொண்டிப் போனான். என் இடக்கைப் பக்கத்துக் கால் இழுத்துக்கொண்டு போயிற்று. நோட்டில் இடது என்று குறித்தேன். ஒரு வளைவில் ஒளிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவன் தண்ணீர்க் குடத்தோடு என்னை நோக்கித் திரும்பி வந்தான். இப்போது நொண்டின கால் என் வலக்கைப் பக்கம் இருந்தது. எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. போகும்போது இடக்கால், வரும்போது வலக்கால். பொய் நொண்டி!

(எதிரே வருகிறவனுடைய இடக்கால் நம் வலக்கைப் பக்கம்தான் இருக்கும் என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும். அந்தக் குழந்தை அன்று என்னோடு வரவில்லை.)

மெம்பரிடம் ஓடிப்போய் நோட்டைக் காட்டினேன். அவர் முகம் வாடிப்போயிற்று. "நிச்சயமா, சோமு?" என்று இரண்டு தரம் கேட்டார். என் இரண்டு கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் என்னை நம்பினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

வியாழக்கிழமை காளியம்மா ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தாள். இந்த முறை மாவில் சர்க்கரை கலந்திருக்கிறாளா என்று ரொட்டியைப் பிய்த்து நான் முதலில் தின்று பார்த்தேன். கைதியின் சோற்றையும் தின்கிறான் பாவி என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் நோட்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில் மெம்பரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க என்னா தப்புப் பண்ணினீங்க, சாமி?"

மெம்பருக்கு அது பெரிய தத்துவக் கேள்வியாகப் பட்டுவிட்டது. மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, கண் கலங்க, "ஜனங்களுக்குச் செய்ய வேண்டியதை இத்தனை வருஷம் செய்யாமல் விட்டேன் அம்மா. அதற்குத்தான் இந்த ஒரு வாரம்" என்றார்.

"எப்ப விடுவாங்க?"

"சனிக்கிழமை கொழும்புக்குப் போக வேணும். இந்தத் தம்பி விட்டால்தானே" என்று என்னைக் காட்டிச் சிரித்தார். அவர் வேடிக்கைக்குச் சொன்னது. காளியம்மா சிரிக்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போய் வீரையாவிடம் சொல்லியிருக்கிறாள். வீரையா பஸ்ராவில் கைதிக் கூடாரங்களுக்குப் பக்கத்தில் வேலை செய்தவன். கிழவர்களைக்கூடக் குச்சியால் குத்தி வேலை வாங்குவதைப் பார்த்தவன். முகம் வீங்கிய மனுஷனை, கருப்பட்டிகூடத் தின்ன விடாமல் வெயிலில் வாட்டுகிறானே அந்தக் காக்கிச் சட்டைக்காரன், சனிக்கிழமை இவன் எங்கே விடப் போகிறான் என்று அவனுக்கும் பட்டிருக்கிறது. லயமே கூடிப் பேசியது. மெம்பரைத் தப்பிக்க வைப்பது என்று முடிவாயிற்று. அப்புத்தளையில் ரயிலேற்றிவிட்டால் கொழும்புக் கூட்டத்தில் கலந்துவிடலாம். டிக்கெட்டுக்குப் பெண்கள் தங்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள்.

என்னை அப்புறப்படுத்துவதுதான் பாக்கி. அதற்குக் காளியம்மாவே வந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், என் காதோடு காதாக, "எங்க வீட்டுக்காரரு பட்டாளத்துப் பேப்பரு எல்லாம் பொய்யிங்க. ஸ்டோரு மேமாடியில கொழுந்துக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்காரு" என்றாள். கட்டின பெண்டாட்டியே காட்டிக் கொடுக்கிறாள் என்றால் எவ்வளவு பெரிய மோசடி! ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவன், தன் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறவளை மட்டும் சந்தேகப்படுவதே இல்லை. தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குள் ஓடி, கொழுந்தை வாட்டப் பரப்பி வைத்திருக்கிற மேல்மாடிக்கு ஏறினேன்.

சாக்குத் தட்டுகளில் அன்றைய கொழுந்து முழுவதும் கிடந்தது. ஒவ்வொரு தட்டாகக் கவிழ்த்தேன். மடியில், மூக்கில், பித்தளைப் பொத்தான்களின் இடுக்கில் எல்லாம் இலை. பாதித் தட்டுகள் முடிந்தபோது கீழே கதவு தாழிடும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினேன். தேயிலைப் பெட்டி ஏற்றின மாட்டுவண்டி ஒன்று ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளுக்கு நடுவே ஒரு பட்டாளத்துப் பெரிய கோட்டு உட்கார்ந்திருந்தது. கோட்டுக்குமேல் மெம்பரின் தலை.

விசிலை ஊதினேன். கண் பிதுங்க ஊதினேன். அங்கே வேலைக்கு ஒரு விசில், ஓய்வுக்கு ஒரு விசில் என்று நாள் முழுக்க ஏதாவது ஊதிக்கொண்டேதான் இருக்கும், யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கணக்கப்பிள்ளை வந்து கதவைத் திறந்தார். நான் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "மெம்பரைக் கடத்திவிட்டார்கள், அந்தப் பொய் நொண்டியின் வேலை" என்று கத்தினேன். துரை தன் குதிரை வண்டியைக் கொடுத்தார். (மாடிக்குப் போய்க் கொழுந்தைப் பார்ப்பதற்கு முன்னால் கொடுத்தார்.) அப்புத்தளையில் ஒரு கான்ஸ்டபிளையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பறந்தேன்.

அந்த மாட்டுவண்டியில் என்ன நடந்தது என்பதை மெம்பர் பிற்பாடு சொன்னார். எங்கே கூட்டிப் போகிறார்கள் என்று அவர் கேட்கவே இல்லையாம். கடைசியில் ஜனங்கள் தன்னைத் தேடி வந்துவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். ஐந்து கட்டை (கட்டை என்றால் மைல்) தூரமும் கருப்பட்டி தின்றுகொண்டே போயிருக்கிறார். கூட வந்த மூன்று பெண்களும் வீரையாவும் மனசைத் திறந்து கொட்டிவிட்டார்கள். ஒழுகுகிற கூரை, எல்லா வியாதிக்கும் ஒரே கசப்புத் தண்ணீர் ஊற்றுகிற மருந்து வீடு, பிள்ளைப்பேறு முடிந்த மூன்றாம் நாளே கூடை தூக்கச் சொல்வது, எல்லாம். பெரிய மனிதரிடம் சொன்னால் நாளைக்குத் துரை காதுக்குப் போகும். கைதியிடம் சொன்னால் எங்கே போகும்? சவுக்கு மரத்தடியில் ஐந்து நாள் கிடைக்காத குறைகள் ஐந்து கட்டைக்குள் கிடைத்துவிட்டன.

நான் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது மேடை முழுக்க மூடுபனி. பெஞ்சில் மெம்பர் உட்கார்ந்திருந்தார், வாயில் கருப்பட்டி. பக்கத்தில் வீரையா டிக்கெட்டோடு நின்றான். "அதோ, அந்த ஆள்தான், பிடியுங்கள்" என்றேன். நான் காட்டியது வீரையாவை. அந்த நேரம் பார்த்து மெம்பர் என்னைக் கண்ட சந்தோஷத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்தார். கோட்டு விலகிற்று. கான்ஸ்டபிளின் கண்ணில் பட்டது பதினேழு. அவர் என்னுடைய காக்கியை ஒரு தரம் பார்த்தார், நம்பரை ஒரு தரம் பார்த்தார், பாய்ந்துபோய்ச் சட்டசபை மெம்பரின் கழுத்துப்பட்டையைப் பிடித்துவிட்டார்.

வீரையா குறுக்கே விழுந்தான். "அவர விடுங்க, நான்தான் கூட்டியாந்தேன்" என்று மெம்பரைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான். கான்ஸ்டபிள் அவனை ஒரு தள்ளுத் தள்ளினார். அவன் கீழே விழுந்ததில் காலில் சுற்றியிருந்த கட்டு அவிழ்ந்து போயிற்று.

இடக்கால். கணுக்காலுக்கு மேலே புண் குழிந்து, கறுத்து, சீழ் கட்டியிருந்தது. அந்த வாடை பனியிலும் எனக்கு அடித்தது. அதை வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷன் மலைமேல் தண்ணீர் சுமந்தான். நான் பின்னாலேயே போய் இடது வலது எழுதிக்கொண்டிருந்தேன்.

காளியம்மா என் முன்னால் வந்து நின்றாள். "நல்லாப் பாத்துக்கிடுங்க. எந்தக் காலுன்னு நோட்டுல எழுதிக்கிடுங்க" என்றாள். வீரையாவின் பின்னால் நான் போனதை அவள் மலைமேல் கொழுந்து கிள்ளிக்கொண்டே பார்த்திருக்கிறாள். எனக்கு எங்கேயாவது ஓடிவிட வேண்டும்போல இருந்தது. நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மெம்பர் ரயிலை விட்டு இறங்கியபோது மாலை போட்டவரே அவர்தான். விறைத்து நின்று ஒரு சலாம் வைத்தார். கான்ஸ்டபிளின் கை தானாகவே இறங்கிவிட்டது. பெண்கள் மூன்று பேரும் மெம்பரை அடியிலிருந்து முடி வரை பார்த்தார்கள். "அப்ப நீங்க மறியல்காரரு இல்லையா?" என்று காளியம்மா கேட்டாள், ஏமாற்றிவிட்டீர்களே என்கிற மாதிரி. மெம்பருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. நெஞ்சிலிருந்த நம்பரைக் குனிந்து பார்த்துவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வீரையாவின் காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

அவனைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தார். வீரையா மடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தான். உள்ளே மடித்து மடித்துக் கிழிந்துபோன பட்டாளத்துப் பேப்பர், முத்திரையோடு. மெம்பர் படித்துவிட்டு, புதன்கிழமை வந்தபோதே இதை ஏன் காட்டவில்லை என்று கேட்டார்.

"படிச்சவரு மாதிரி இருக்கீங்கன்னுதான் வந்தேனுங்க. நம்பரப் பாத்ததும், மறியல்காரரு கையெழுத்துப் பட்டா இருக்கிற பேப்பரும் கெட்டுப்போயிரும்னு பயந்தேனுங்க."

"என்னை அப்படி நினைச்சும் தப்ப வைக்க வந்தியா? பிடிபட்டால் உனக்கல்லவா மறியல்?"

"நீங்க கஷ்டத்துல இருந்தீங்க. பேப்பரு வேற, அது வேறங்க" என்றான் வீரையா.

ரயில் வந்தது. மெம்பருக்குச் சட்டசபைப் பாஸ் இருந்தது. ஆகவே தப்பியோடும் கைதிக்காகப் பெண்கள் வாங்கிய டிக்கெட் மிஞ்சி நின்றது. அந்த டிக்கெட்டிலேயே வீரையாவை ஏற்றிக்கொண்டு, சனிக்கிழமை வரை காத்திராமல், நெஞ்சில் பதினேழும் தோளில் இரவல் கோட்டுமாக அவர் கொழும்புக்குப் போனார். வண்டி கிளம்பும்போது காளியம்மா ஓடிப்போய் மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை அவர் கையில் வைத்துக் கும்பிட்டாள். அந்த வாரத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே எலுமிச்சம்பழம். எனக்குக் கிடைத்தவை துரையின் வாயிலிருந்து வந்த வசவுகள், கொழுந்துத் தட்டுகளைப் பார்த்த பிறகு.

காரியதரிசி வேலை போயிற்று. ஒரு மாதம் கழித்து மெம்பரிடமிருந்து ஒரு நற்சாட்சிப் பத்திரம் வந்தது. இவர் உண்மையானவர், சுறுசுறுப்பானவர், இவரை எங்கும் வைத்துக்கொள்ளலாம், ஆஸ்பத்திரி தவிர என்று எழுதியிருந்தார். நான் அப்பாவின் கடைக்கே திரும்பிவந்து துணி மடித்தேன். முரட்டு வெள்ளைத் துணியை மட்டும் இன்றுவரை கடையில் ஏற்றுவதில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம். வாசலில் நிழல் தட்டியது. வீரையாவும் காளியம்மாவும் நின்றார்கள். வீரையா கடைக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடந்தான், திரும்பி வந்தான், இன்னொரு தரம் நடந்தான். பிறகு என் முன்னால் வந்து நின்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டான்.

"எந்தக் காலுங்க?"

நான் பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன். எத்தனை பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு காலும் ஒரே மாதிரி நடந்தன. "தெரியலைங்க" என்றேன். காளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீரையா ஒரு துணி முடிச்சை அவிழ்த்து, விரல் நகம் அளவுக்கு ஓர் இரும்புச் சில்லை என் மேசைமேல் வைத்தான். எனக்குத்தான் அத்தாட்சி வேண்டும் என்று கொழும்பிலேயே கேட்டு வாங்கி வந்தானாம்.

அது இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. கடையில் வீரையா நடந்ததை அப்பா வீட்டில் சொன்னார், வீட்டில் சொன்னது ஊருக்குப் போயிற்று, கல்யாணமானபோது என் மனைவிக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு எனக்கு நிம்மதி ஏது? பாலை முகர்ந்தால் வீரையாவின் அந்தக் கேள்வியைக் கேட்பாள், தபால்காரனை நிறுத்தி விசாரித்தால் அதையே கேட்பாள். போன மாதம் என் கடைக்குட்டிப் பெண்ணுக்கு வரன் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பையன், அடக்கமாகப் பேசினான், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கு மட்டும், இத்தனை நல்லவனாக இருக்க வேண்டிய அவசியம் என்ன என்று தோன்றிற்று. உள்ளே போய் மெதுவாகச் சொன்னேன், பையனை இன்னும் கொஞ்சம் விசாரிக்கலாமே என்று. என் மகள் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்:

"எந்தக் காலுப்பா?"

கல்யாணம் தையில் நிச்சயமாகியிருக்கிறது.